நாலாவது சிலிண்டர்

"எடுத்தாச்சா?" என்று மெக்கானிக் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"எடுத்தாச்சுங்க" என்று பதில் வந்தது.

அவர் மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அது நினைவுக்கு வருவதற்குள் கை முந்திக்கொண்டது. கசிவு வராமல் அடைக்கும், தாமிரப் பூச்சு காய்ந்திருந்த கேஸ்கெட் தகட்டை இன்ஜின் மேல் படுக்கவைத்து, அதன் மேல் இன்ஜினின் மூடியான கனத்த ஹெட்டையும் இறக்கிவிட்டார். தனிமையில் இருப்பவன் காதில் எத்தனையோ விழும், அதற்கெல்லாம் பதில் தேடினால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பழைய காரை அவர் எத்தனை முறை பிரித்திருந்தாலும் பக்கத்தில் அவள் இருந்திருக்கிறாள். ஹெட்டைக் கழற்றியதும் தூசி விழாமல் நாலு சிலிண்டருக்குள்ளும் துணி திணிப்பது அவள் வேலை. மூடுமுன் அதை உருவி எடுப்பதும் அவள்தான். "எடுத்தாச்சு" என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் போதும், இவர் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். "நான் இல்லேன்னா துணியோட சேர்த்து மூடிட்டு, வண்டி ஏன் கிளம்பலன்னு என்னைத்தான் திட்டுவீங்க" என்பாள்.

ஷெட்டின் கதவருகே மகள் வந்து நின்றாள். "அப்பா, மழை வலுக்குது. உள்ள வாங்களேன். நாளைக்குக் கிளம்பணும்ல?"

"இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா. நீ போ, வந்துடறேன்."

நாளை காரை வாங்கியவர் வந்து ஓட்டிப்போய்விடுவார். இவரை மகள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவாள். அதற்குமுன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இன்ஜின் ஓடுவதைக் கேட்டுவிட வேண்டும். அந்தச் சத்தத்தில்தான் அவள் முன்சீட்டில் சாய்ந்து தூங்கிப்போவாள். கிரீஸும் ஈரத் தகரமும் கலந்து வாசமடித்த அந்த ஷெட்டில், கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, அவர் நடுவிலிருந்து ஓரத்துக்கு, முறை தவறாமல், ஒவ்வொரு நட்டாகச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டு வந்தார்.

ஸ்பேனர் திரும்பும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு கேட்டது. மழைதான் என்று நினைத்தார். கடைசி நட்டும் இறுகியது. மழை சற்று ஓய்ந்தது. மூச்சு ஓயவில்லை. துணியால் வாயைப் பொத்தினால் வருவதுபோல, திணறித் திணறி, இன்ஜினுக்குள்ளிருந்து வந்தது.

மேஜையைப் பார்த்தார். மூன்று துணிகள். மூன்றை உருவியபோதுதான் மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். திரும்பி வந்ததும் கேள்வியைக் கேட்டார். பதில் வந்தது.

ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மறுபடி உதவாது. வேறொன்று எங்கேயும் கிடைக்காது. ஹெட்டைத் திறந்தால் இந்த வண்டி இனி அவர் காது கேட்க ஓடப்போவதில்லை.

"இரு, இதோ வந்துட்டேன்" என்றார்.

ஸ்பேனரை மறுபடி எடுத்தார். அந்த அவசரத்திலும் கை முறை மாறவில்லை, ஓரத்திலிருந்து நடுவுக்குத்தான் தளர்த்தியது. மூச்சு மெலிந்தது. இன்னும் இரண்டு நட்டு. இன்னும் ஒன்று. ஹெட்டைப் புரட்டித் தள்ளினார். கேஸ்கெட் பாதி கிழிந்து அதோடு போயிற்று.

மூன்று சிலிண்டர்கள் காலி. நாலாவதில் துணி இருந்தது.

ஏறியது. இறங்கியது.

தொட்டார். கதகதப்பாக இருந்தது. துணி மெல்ல உள்ளே போகத் தொடங்கியது. நுனியைப் பிடித்து இழுத்தார். உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள். பிறகு துணியை விட்டுவிட்டு, அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்ட பிறகு அவள் பேசவில்லை. அவர் கையில் இரண்டு விரல்களை மட்டும் பற்றியபடி கிடந்தாள். அந்தப் பிடி தளர்ந்தபோது, டாக்டர் வந்து சொல்லுமுன்பே, அவர் நெஞ்சு உடைந்துவிட்டது. இது அதே பிடி. அன்றைக்கு இல்லாத பலம் மட்டும் இன்றைக்கு இருந்தது.

இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பக் காரின் முன்னால் செருகியிருந்த சுற்றுக்கம்பி தானாகத் திரும்பியது. சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கியது. விரல்கள் உள்ளே போயின. உள்ளங்கை. மணிக்கட்டு. வலித்தது. அவர் கையை இழுக்கவில்லை.

"அப்பா, யார்கிட்ட பேசறீங்க?" கதவருகே மறுபடியும் மகள்.

"கிட்ட வராதேம்மா" என்றார். கண்ணீர் இன்ஜினில் சொட்டியது. "உங்கம்மா இன்னும் விடல."

முழங்கை வரை போகும் ஆழம் எந்த சிலிண்டருக்கும் கிடையாது. அது அவருக்குத் தெரியாததா? முழங்கை உள்ளே போய்விட்டது. கம்பி அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, தோளைத் தளர்த்திக் கொடுத்தார்.