கீறலுக்குக் காரணம்

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்ததுதான் அவர் செய்த தப்பு. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தப் பொம்மை டாங்கிக்குப் பச்சை, பழுப்பு, கருப்பு என்று திட்டுத் திட்டாக உருமறைப்பு வண்ணம் அடித்து முடித்திருந்தார். பின்பக்கத் தகட்டின் பச்சையில் அவர் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் பல் செட் செஞ்சு குடுக்கிற கை! லட்சணத்தைப் பாரு," என்று அவர் மனைவி சிரித்தாள்.

"போதும் கிண்டல். அதை வெளியே போயிட்டு வந்து நானே தேய்ச்சுக்கறேன். அதுவரைக்கும் நீயும் உன் அழுக்கு இலாகாவைத் திறந்துடாதே."

வண்ணம் அவர் வேலை. அதன்மேல் சேறும் துருவும் சிராய்ப்பும் ஏற்றி, போர் பார்த்த வண்டியாக்குவது அவள் வேலை. ஆனால் ஒவ்வொரு கீறலுக்கும் அவள் காரணம் சொல்லியாக வேண்டும். இது மரத்தில் உரசியது, இது ஆள் ஏறி இறங்கித் தேய்ந்தது. காரணம் சொல்ல முடியாத கீறல் பொய்க் கீறல் என்பார்.

வாசலில் ஹாரன் கேட்டது. அவர் தம்பியின் வேன். செருப்பை மாட்டிக்கொண்டே போனார்.

தம்பி மட்டும் திரும்பி வந்தான். வேன் வாய்க்காலில் ஒருக்களித்துக் கவிழ்ந்துவிட்டதாம். வானத்தைப் பார்த்திருந்த கதவு வழியாக இவன் வெளியே ஏறிவிட்டானாம். "அண்ணனுக்குத் தலையில அடி, அண்ணி. அந்த நிமிஷமே போயிட்டாரு. ஒரு சத்தம் இல்ல. கஷ்டப்படவே இல்ல."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள். கஷ்டப்படவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, மேசையைத் துடைக்கலாம் என்று அவர் அறைக்குள் போனவள், வழக்கமான பெயிண்ட் தின்னர் வாசனைக்குப் பதிலாகத் தேங்கிய தண்ணீரும் அழுகிய பாசியும் கலந்த ஒரு குளிர்ந்த நாற்றம் ஜன்னல் மூடியிருந்தும் மூக்கில் ஏறுவதை உணர்ந்து, விளக்கைப் போட்டாள். டாங்கியின் சக்கரங்களில் சேறு. அவள் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. விரலால் தொட்டாள். ஈரம்.

மறுநாள் சேறு பக்கத் தகடுகளுக்கு ஏறியிருந்தது. அடுத்த நாள் அதற்கும் மேலே. குளத்துப் படிக்கட்டில் தெரிவதுபோல, தண்ணீர் நின்ற கோடு ஒன்று வண்டியைச் சுற்றி ஓடியது. துணியால் துடைத்தாள். காலையில் திரும்பவும் இருந்தது.

தம்பி தினமும் வந்தான். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தான். "நான் ஒருத்தன் இருக்கேன்ல அண்ணி, எதுக்குக் கலங்குறீங்க?" என்றான். அவனிடம் டாங்கியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. பைத்தியம் என்று நினைத்துக்கொள்வான்.

பிறகு, டாங்கிக்குள் ஆள் இறங்கும் மேல்மூடியில் ஒரு தேய்மானம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அரிசி அளவில் இரண்டு செருப்புத் தடங்கள். பக்கத்துப் பக்கத்தில். நடந்துபோன தடம் இல்லை. நின்ற தடம்.

இடுக்கியால் மூடியைத் தூக்கினாள். உட்புறம் முழுக்கக் கீறல். பச்சையைக் கிழித்து, அடிப்பூச்சைக் கிழித்து, வெள்ளை பிளாஸ்டிக் தெரியும்வரை. நான்கு நான்காக. நகம் பிறாண்டியதுபோல, நூல் அகலத்தில்.

பழக்கதோஷம். காரணம் தேடினாள்.

கிடைத்தது.

அன்று பொழுது சாயும்போது தம்பி வந்தான். அறை வாசலிலேயே மூக்கைச் சுளித்தான்.

"என்ன அண்ணி நாத்தம் இது? இதையெல்லாம் மூட்டை கட்டிடலாமே."

"உட்காருங்க தம்பி," என்று அறைக் கதவைச் சாத்தினாள். "வேனுக்குள்ளேர்ந்து அவர் கதவைத் தட்டினாரா?"

"அதான் சொன்னேனே. சத்தமே இல்லைன்னு."

டக்.

மேசையிலிருந்து. மெல்ல.

டக். டக்.

தம்பி அவளைப் பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை. அவன் கை தானாக நீண்டது. மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்தினான். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரிந்த கை.

டக். டக்டக்டக்.

"கொஞ்ச நேரம்தான் அண்ணி," என்றான். குரல் கெஞ்சியது. "கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது அண்ணி. வேன் கதவு மேல நின்னாத்தான் மூக்கு தண்ணிக்கு வெளியே இருந்துச்சு. இறங்கியிருந்தா நானும்..."

டக்.

நின்றது.

அவன் மூச்சு விட்டான். கையை எடுக்கப் பார்த்தான். கை வரவில்லை. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவன் விரலிடுக்குகளில் கலங்கிய தண்ணீர் கசிந்து, மேசை விளிம்பில் வழிந்து, தரையில் சொட்டியது. நிற்கவில்லை. தரையில் தேங்கி ஏறி அவன் கணுக்காலைத் தொட்டது. மூடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவிலிருந்து ஊறி வெளுத்த, நூல் போன்ற விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, அவன் தோலைப் பற்றிக்கொண்டன.

"அண்ணி... கதவைத் திறங்க அண்ணி..."

அவள் டாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு அதை முழுக்க மூடிவிட்டது. பின்பக்கத் தகட்டில் மட்டும் ஒரு திட்டுப் பச்சை, ஒரு தூசுகூட ஒட்டாமல், ரேகை ரேகையாக அப்படியே இருந்தது.