கதவைத் திறந்து விடும்மா

மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது டாக்டரின் வலது கட்டைவிரல் அடியில் ‘டொக்’ என்றது. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு இரண்டு வருடம் முன்பு உலோக மூட்டு வைத்த விரல். ஊரார் விரலுக்கெல்லாம் அதையே வைக்கிற மேதை அவர். பேனாதான் மட்டம் என்று குப்பையில் எறிந்தார்.

வலி என்று யார் வந்தாலும் அவருக்கு இளக்காரம். அவர் கையால் கட்டைவிரலில் அதே மூட்டு வைத்துக்கொண்ட தையல்கார அம்மா மூன்று முறை வந்தாள்.

“உள்ள யாரோ தட்டுறாங்க டாக்டர். கத்திரிக்கோலே பிடிக்க முடியல.”

“தட்டுனா கதவைத் திறந்து விடும்மா.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவள் விரலை அழுத்தவைத்து இன்னொரு படம் எடுக்கலாமா என்று எக்ஸ்ரேக்காரர் கேட்டார். “எனக்கே பாடமா?” என்றார் டாக்டர். சும்மா வைத்த கையில் கழன்ற மூட்டு தெரியாது, அழுத்தினால்தான் ஆடும் என்பது அவருக்கும் தெரியும். சோம்பலுக்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தார், அவ்வளவுதான். நான்காம் முறை மகள் மட்டும் வந்தாள். மூட்டு கழன்று, சீழ் வைத்து, ரத்தத்தில் ஏறி அம்மா போய்விட்டாள் என்றாள். “வயசாச்சு இல்ல?” என்றார் டாக்டர்.

இப்போது மதிய வெயில் மேசைமேல் கிடக்க, அசையாமல் வைத்த கையிலிருந்து அந்தச் சத்தம் நிதானமாக, உலோகம் எலும்பில் படுகிற சத்தமாக வந்துகொண்டே இருந்தது. கூடவே தையல் இயந்திர எண்ணெயின் வாடை. சோப்பு போட்டுக் கழுவினார். வாடை போகவில்லை. நாளைக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. கத்தி பிடிக்கும் விரல் போனால் அவர் யார்? முதல் தடவையாகப் பயம் வந்தது.

எக்ஸ்ரே அறைக்குப் போனார்.

“அழுத்திப் பிடிங்க சார்.”

பிடித்தார். படம் வந்தது. உலோகத்தைச் சுற்றிக் கறுப்பு இடைவெளி.

“கழண்டிருக்கு சார். இதைத் திறந்துதான் ஆகணும்.”

டாக்டர் இடைவெளிக்குள் பார்த்தார். அரிசி அளவில் ஒரு விரல். மடங்கிய விரல். நுனியில், தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க மாட்டுகிற குட்டி உலோகத் தொப்பி.

டொக்.

படத்தில் விரல் நிமிர்ந்தது. அவர் கையில், தையல் போட்ட பழைய தழும்பு உள்ளிருந்து மெல்லப் பிரிந்தது.