பட்டாணியின் பச்சைப் பந்து

பட்டாணிக்கு வந்ததே கோபம்! பள்ளி நாடகத்தில் ஒருவர் மூக்கு, ஒருவர் கை, மற்ற எல்லோரும் மூளையின் நரம்பு செல்கள். அவள் மட்டும் நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியல் செல். முதுகில் ஒரு வெள்ளி அட்டை நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டு, நரம்பு செல்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். வசனம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

"நீ வெறும் பசைடி! எங்களை ஒட்டிக்கிட்டு நில்லு, போதும்" என்று சிரித்தான் நெட்டை. வகுப்பிலேயே உயரமான அவன்தான் நடு நரம்பு செல்.

பட்டாணியின் அம்மாவுக்கு மூளை ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே போயிருந்தபோது, நட்சத்திர வடிவ கிளியல் செல்கள் திரையில் மினுக் மினுக்கென்று ஒளிர்ந்ததைப் பட்டாணி தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். நேராக அறிவியல் டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர், கிளியல் செல் சும்மா நிக்காது! நரம்பு செல்லுங்க பேசுறதைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் அதுவும் ரசாயனத்தை வெளியே விடும். அதுதான் அது அனுப்புற சேதி. நாடகத்துல நரம்பு செல்லுங்க சேதிக்காகச் சிவப்புப் பந்து போடுற மாதிரி, நானும் ஒரு பந்து போடட்டுமா?"

"நல்ல யோசனைதான்டா. ஆனா நாளைக்கு நாடகம். இப்போ மாத்தினா எல்லாரும் குழம்பிடுவாங்க" என்றார் டீச்சர். பாவம், அவருக்குத் தலைக்கு மேல் வேலை.

பட்டாணியின் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் பச்சைக் கம்பளி நூலை உருட்டி ஒரு பந்து செய்து, சட்டைப் பையில் போட்டு வைத்தாள். ரசாயனம் இல்லாத கிளியல் செல்லாக மேடையேற அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் நாடகம் தொடங்கியது. கதை இதுதான்: அடுப்பில் பால் தீய்கிறது. மூக்கு அதை மோந்து பார்த்துச் சிவப்புப் பந்தைப் போடும். நரம்பு செல்கள் அதைக் கைமாற்றிக் கையிடம் சேர்த்தால், கை அடுப்பை அணைக்கும். நரம்பு செல்களுக்கு நடுவே இடைவெளி உண்டு அல்லவா? அதனால் யாரும் யாரையும் தொடக்கூடாது, இடத்தை விட்டு நகரவும் கூடாது.

பந்து நெட்டையிடம் வந்தது. ஐயோ! பந்து நழுவி, மேடையிலிருந்து உருண்டு, நாற்காலிகளுக்கு அடியில் போய்விட்டது.

கூட்டம் சிரித்தது. "பால் தீயுது! யாராவது அடுப்பை அணைங்க!" என்று முன்வரிசைக் குட்டிப் பையன் ஒருவன் கத்தினான்.

'நல்லா வேணும்' என்றுதான் பட்டாணிக்கு முதலில் தோன்றியது. ஆனால் நெட்டையின் கண்களில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் அவள் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

சட்டைப் பையிலிருந்து சட்டெனப் பச்சைப் பந்தை எடுத்தாள்.

"நான் கிளியல் செல்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூட்டம் கப்சிப். "எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டே இருப்பேன். நரம்பு செல்லுக்கு நானும் ரசாயனச் சேதி அனுப்புவேன். இந்தா, பிடி!"

நெட்டை பிடித்தான். அடுத்தவளுக்குப் போட்டான். பந்து கைக்குப் போனது. அடுப்பு அணைந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது!

திரைக்குப் பின்னால் டீச்சர் ஓடி வந்தார். "சாயங்காலம் பெற்றோருக்கு நடிக்கிறப்பவும் அந்தப் பச்சைப் பந்து கண்டிப்பா வேணும்!"

நெட்டை தலையைச் சொறிந்தான். "பசைன்னு சொன்னது தப்புதான். ஆமா... மூளையில ஒரே ஒரு கிளியல் செல்தானா?"

"கோடி கோடியா இருக்குடா!"

"அப்போ இன்னொரு நட்சத்திரம் கிடைக்குமா?"

பட்டாணி சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை நீட்டினாள். "உன் முதுகுக்குப் பெரிய அட்டையா எடுத்துட்டு வா!"