வெண்பாதைச் சபையின் பின்கதவு

ஜேர்மனியில், ஹம்பேர்க்கின் புறநகர் ரயில் நிலையத்தில் ஆதிரை இறங்கியபோது பிற்பகல்தான். அதற்குள் இருட்டிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரயில் பாதைக்கு அப்பால், பழைய கிடங்கு ஒன்றில் வெண்பாதைச் சபையின் ஞாயிறு வழிபாடு தொடங்கியிருந்தது.

போன குளிர்காலம் இங்கேதான் அவளுடைய அக்கா தேனுஜா செத்தாள். அடித்த கணவனைப் பற்றிப் பொலிசில் சொன்னது அவள் செய்த குற்றம். சபை அவளை மேடையேற்றி, எல்லோர் முன்னும் ஏசி, பாவம் கரைய வேண்டுமென்று வெறுங்காலுடன் பின்முற்றத்துப் பனியில் நிறுத்தியது. "அவளாத்தான் போய் நிண்டவள்" என்று அத்தனை பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். வழக்கு மூடப்பட்டது.

ஆதிரை கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சாம்பிராணியோடு ஈரக் கம்பளி உடுப்புகளின் நெடி. மேடையில் இன்று கண்மணி என்ற இளம்பெண் தலைகுனிந்து நின்றாள். பக்கத்தில் சபைத் தலைவர் இராசலிங்கம். எல்லாம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

"சபையைக் கேக்காமல் புருசனை விட்டிட்டு வந்தவள். என்ன செய்வம்?"

கைபேசிகள் உயர்ந்தன. எல்லாத் திரைகளிலும் சிவப்பு. தண்டனைக்கான வாக்கு.

"சப்பாத்தைக் கழட்டு, பிள்ளை," என்றார் இராசலிங்கம் கனிவாக.

அந்தக் கனிவைத்தான் ஆதிரையால் தாங்க முடியவில்லை. எழுந்து மேடைக்கு நடந்தாள்.

"கழட்டாதேங்கோ, கண்மணி. என்ர அக்காவையும் இப்பிடித்தான் சாக்காட்டினவை."

"இருங்கோ, தங்கச்சி. கடவுள்ட வேலையைக் குழப்பாதேங்கோ."

"கடவுளோ? ஒரு பொம்பிளையைப் பனியில சாகவிட்டது கடவுளோ, நீங்களோ?"

அப்போது மேடையருகே, முற்றத்துக்குத் திறக்கும் பின்கதவு தட்டப்பட்டது.

மெதுவாக. விறைத்துப்போன விரல்கள் தட்டுவதுபோல.

யாரும் அசையவில்லை. முற்றத்தைச் சுற்றி உயர்ந்த மதில். அங்கே போக வேறு வழியே இல்லை.

மீண்டும் தட்டியது.

"திறக்காதேங்கோ," என்று முணுமுணுத்தார் இராசலிங்கம்.

ஆதிரை தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெளியே எவருமில்லை. மதிலடியிலிருந்து வாசல்வரை, பனியில் வெறும் பாதங்களின் தடம். திரும்பிப் போன தடம் இல்லை.

பிறகு உள்ளே, கம்பளத்தில் ஓர் ஈரப் பாதம் பதிந்தது.

இன்னொன்று.

ஆதிரையின் தோளை உரசிக்கொண்டு குளிர் கடந்து போனது. அவளுக்குப் பயம் வரவில்லை. நெஞ்சு எரிந்தது.

"போ, அக்கா," என்றாள், அவளுக்கே கேளாத குரலில்.

தடங்கள் இராசலிங்கத்தின் முன்னால் போய் நின்றன. வெக்கையான அந்த மண்டபத்தில் அவர் வாயிலிருந்து மட்டும் வெண்புகையாய் மூச்சு வந்தது.

"நான்தான் தாழ்ப்பாள் போட்டனான்!" அலறினார். "திறவுங்கோ திறவுங்கோ எண்டு கத்தினவள். எல்லாருக்கும் கேட்டது. பாட்டைச் சத்தமாய்ப் பாடச் சொன்னனான்... நீங்களும் பாடினனீங்கள்தானே!"

அவ்வளவையும் சபையின் நேரலையே ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பொலிஸ் வந்து அவரைக் கொண்டுபோனது. ஆதிரை கண்மணியைத் ஹனோவரிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

கோடை உச்சத்தில், சிறை அறையில் இராசலிங்கத்தின் கால்விரல்கள் கறுத்தன. பனிக்கடி என்று சொன்ன மருத்துவருக்கே தன் சொல்லில் நம்பிக்கை இல்லை.

அதே வாரம், அன்று சத்தமாகப் பாடியவர்களில் ஒருத்தி, கால்களைப் போர்வையால் சுற்றிக்கொண்டு, வெயில் கொளுத்தும் வீதியில் மருத்துவமனைக்கு நொண்டி நொண்டிப் போனாள்.