பழுது இல்லை

"பளுதுன்னு எழுதற ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன மேடம் பண்றது? அளுத்தம்! கீள்த்தளம்! மூணாங்கிளாஸ் பிள்ளை பார்த்தாக்கூட சிரிக்கும்!"

"சார், எழுத்துப்பிழையை அப்புறம் பேசலாம். லிஃப்ட்டை ஓட்டக் கூடாதுன்னுதான் நான் எழுதினேன்."

"அப்ப ஓட்டலாம்னு எனக்கு வந்திருக்கே, அது பேய் எழுதினதா?"

சனிக்கிழமை காலை 10.05. மேலதிகாரியின் அறைக் கதவு முழுசாகச் சாத்தியிருக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவள் உள்ளே திட்டு வாங்கிக்கொண்டிருந்த லிஃப்ட் ஆய்வாளரின் நாத்தனார். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். கொண்டையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவர் செருகியிருப்பாள். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'ஸ்க்ரூ'.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டைச் சோதித்தார். வெள்ளிக்கிழமை காலை 9.10க்கு அந்த லிஃப்ட்டின் கம்பி வடம் அறுந்தது. லிஃப்ட் இரண்டாம் மாடியிலிருந்து அடியில் இருந்த பள்ளத்தில் போய் விழுந்தது. உள்ளே துடைப்பமும் வாளியுமாக இருந்த துப்புரவு அம்மாவுக்கு ஒரே காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று ஆய்வாளர் அனுப்பிய அறிக்கை மேலதிகாரியின் மேசையில் கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு அவரை வேலையிலிருந்து நிறுத்தும் உத்தரவில் கையெழுத்து. அதற்குப் பிறகு போலீஸ் கேஸ்.

ஸ்க்ரூ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"யாரும்மா நீ?"

"இவங்க நாத்தனார் சார். அந்த டேப்பை ஒரு நிமிஷம் குடுங்க. உங்க கண்ணு முன்னாடியே பார்க்கறேன்."

"நாத்தனாரா? அண்ணிக்குப் பரிஞ்சு பேச வந்த முதல் நாத்தனாரை இன்னைக்குத்தான் பார்க்கறேன்" என்றார் அவர். ஆனாலும் கொடுத்தார்.

அலுவலகம் ஆய்வாளர்களுக்குக் கொடுத்த கைக்கணினி அது. உள்ளங்கை அகலம், முழுக்கக் கண்ணாடி. ஆய்வாளர் முன்பு பேட்டரி கடையில் வேலை பார்த்தவர். ஆசிட் பட்டுப் பட்டு விரல் நுனிகள் தடித்துப் போய்விட்டன. அவர் தொடுவதைக் கண்ணாடி ஒரு பொருட்டாகவே மதிக்காது. பூட்டைத் திறப்பதே பெரும் பாடு என்பதால் அவர் அதற்குப் பூட்டும் போடுவதில்லை. அதனால் சொந்தக் காசில் ஒரு கீபோர்டு வாங்கினார். அலுவலகச் செலவில் நல்லதாக ஒன்று கேட்டு அதிலேயே எழுதிய மூன்று கடிதங்களும், எழுத்துப்பிழைகளுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தன. அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். மூன்றாக மடங்கும் வயர்லெஸ் கீபோர்டு. விரித்தால் வேலை செய்யும். மடக்கினால் தானே அணைந்துவிடும். ஒரு வருஷமாக எழுதுவது, அனுப்புவது எல்லாம் அதில்தான்.

10.20. ஸ்க்ரூ அறிக்கையைத் திறந்து வாய்விட்டுப் படித்தாள்.

*ஆய்வு: கீள்த்தளம் முதல் நான்காம் தளம் வரை. கதவுகள் சரி. விளக்கு சரி. எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. கம்பி வடத்தில் பழுது இல்லை. முழுப் பாதுகாப்புடன் இயக்கலாம்.*

"கீள்த்தளம்!" மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணி, நீங்க என்ன எழுதினீங்க?"

"கதவு, விளக்கு, மணி வரைக்கும் நான் எழுதினதுதான்டி. அடுத்து, வடத்தில் கம்பி அறுந்திருக்கு, உடனே நிறுத்தவும்னு எழுதினேன். சத்தியமா."

"எங்க உட்கார்ந்து எழுதினீங்க?"

"மாடியில, மெஷின் ரூம்ல. அங்க சிக்னல் இல்ல. எழுதி வெச்சுட்டுக் கீழ வந்தேன். சார்ஜ் கம்மியா இருந்துச்சு. மேனேஜர் ரூம்ல டேப்பை சார்ஜ்ல போட்டுட்டு, கை முழுக்க கிரீஸ், கழுவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒன்றரைக்கு வந்து பார்த்தா போயிடுச்சுன்னு காட்டுது. சிக்னல் வந்ததும் தானா போயிருக்கும்னு நினைச்சேன்."

"கீபோர்டு?"

"பையில... பையிலதான் இருந்திருக்கும்."

ஸ்க்ரூ பதிவைத் தேடிப் பார்த்தாள். அறிக்கை முதலில் சேமிக்கப்பட்டது 12.25. திருத்தப்பட்டது 1.09. அனுப்பப்பட்டது 1.12.

"பாத்தீங்களா?" என்றார் மேலதிகாரி. "மேனேஜர் ரூமுக்குப் போன பிறகு இவங்க மனசு மாறியிருக்கு. எப்படி மாறிச்சுன்னு போலீஸ் கேக்கட்டும்."

ஆய்வாளருக்குக் கண் கலங்கியது. ஸ்க்ரூவுக்குக் காது மடல் சிவந்தது. "அழாதீங்க அண்ணி. கோவப்படுங்க. சார், வெளிய சாட்சி சொல்ல வந்தவங்க ரெண்டு பேர் நிக்கறாங்களே, ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க."

10.40. கட்டடத்தின் மேனேஜர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை.

"ஒரு மணி வாக்குல எங்க இருந்தீங்க?"

"என் ரூம்லதான்."

"இவங்க?"

"எதிர்லயே. அந்த மடக்கு கீபோர்டை என் மேசையில விரிச்சு வெச்சுத் தடதடன்னு அடிச்சாங்க. ஒண்ணு பத்து இருக்கும். எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு அனுப்பினாங்க."

"நீங்க பார்த்தீங்க?"

"கண்ணால பார்த்தேன்."

"பொய்!" ஆய்வாளர் எழுந்துவிட்டார். "உட்காருங்க மேடம்" என்று மேலதிகாரி அதட்டினார். ஸ்க்ரூ மட்டும் லேசாகச் சிரித்தாள். "இதை அப்படியே எழுதிக் கையெழுத்து போடுங்க சார்."

மேனேஜர் நிதானமாக எழுதிக் கொடுத்தார்.

10.55. லிஃப்ட் மெக்கானிக் உள்ளே வரும்போதே கையைக் கூப்பிக்கொண்டு வந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் மெஷின் ரூம்ல மோட்டாருக்கு எண்ணெய் போட்டேன், அவ்வளவுதான். மேடம் எழுதினாங்க, போனாங்க. கண்ணாடிக்கூட்டை வேற விட்டுட்டுப் போயிட்டாங்க. வேலையை முடிச்சுட்டு அதை எடுத்துக்கிட்டு, கேட்டு வரைக்கும் ஓடிப் போய்க் குடுத்தேன். என் மேல ஏம்மா..."

"எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?"

"ஒன்றே முக்கால்."

"எங்க அண்ணி கண்ணாடியே போடறதில்லையே அண்ணே."

மெக்கானிக் விழித்தார். ஸ்க்ரூ ஆய்வாளரின் பைக்குள் கையை விட்டு, கறுப்பாக, நீளவாக்கில் மடங்கியிருந்த ஒன்றை எடுத்தாள். "இதா?"

"இதேதான்."

அவள் அதை விரித்தாள். பொத்தான்கள் தெரிந்தன.

"அட! இது கண்ணாடிக்கூடு இல்லையா?"

"ஐயோ, ஆமாடி!" என்றார் ஆய்வாளர். "கேட்டுல இவர்தான் குடுத்தார். இந்தக் கலவரத்துல மறந்தே போச்சு."

11.10. ஸ்க்ரூ கைக்கணினியை ஆய்வாளரிடம் நீட்டினாள். "கண்ணாடியைத் தொட்டு உங்க பேரை எழுதுங்க அண்ணி." ஆய்வாளர் தொட்டார். அழுத்தினார். தேய்த்தார். ஒரு எழுத்துகூட விழவில்லை. மேலதிகாரி எட்டிப் பார்த்தார். ஆறு மாதத்தில் முதல் முறையாக அந்த விரல்களைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

"இவங்க எழுதணும்னா கீபோர்டு வேணும். ஒண்ணு ஒன்பதுக்கு அந்தக் கீபோர்டு நாலு மாடிக்கு மேல மெஷின் ரூம்ல கெடந்துச்சு. மேசையில விரிச்சு வெச்சு அடிச்சதைக் கண்ணால பார்த்தேன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். இல்லாத கீபோர்டை எப்படி சார் பார்த்தார்?"

"ஒருவேளை மெக்கானிக் நேரத்தைத் தப்பா..." என்று இழுத்தார் மேலதிகாரி.

"சரி, மெக்கானிக்கை விடுங்க. அறிக்கையே சொல்லும். இந்தக் கீபோர்டுல அடி வரிசையில வலது கடைசிப் பட்டனைப் பாருங்க."

அங்கே பொத்தான் இல்லை. ஒரு குழிதான் இருந்தது.

"மடக்கி மடக்கி ஓரத்துப் பட்டன் கழண்டு போச்சு. அது என்ன எழுத்து தெரியுமா? ழ. மாத்தித் தரேன், மாத்தித் தரேன்னு ஆறு மாசமா நாக்குல தேன் தடவினவ நான்தான், அதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும். ழ வராததாலதான் அண்ணி ள போட்டாங்க. பளுது. அளுத்தம். கீள்த்தளம். நீங்க ஆறு மாசமா சிரிச்சீங்க. இப்ப இந்தக் கடைசி ரெண்டு வரியை வாசிங்க சார்."

மேலதிகாரி வாசித்தார். "கம்பி வடத்தில் பழுது... முழுப் பாதுகாப்புடன்..."

நிறுத்தினார்.

"ரெண்டு ழ. ரெண்டும் கரெக்டா இருக்கு. தப்பா இருந்த கீள்த்தளம் உங்க கண்ணுல பட்டுச்சு. சரியா இருந்தது யார் கண்ணுலயும் படல. கண்ணாடியைத் தொட்டு எழுதற கீபோர்டுல எல்லா எழுத்தும் இருக்கு. பூட்டு இல்லாத டேப்பு அந்த ரூம்ல சார்ஜ்ல கெடந்துச்சு. வெளிய நிக்கறவரைக் கூப்பிடுங்க."

மேனேஜர் வந்தார். தன் வாக்குமூலத்தையும் விரித்த கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்தார். மெக்கானிக் சொன்ன நேரத்தை ஸ்க்ரூ சொன்னதும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"புது வடம் வர எட்டு நாள் ஆகும்னாங்க. எட்டு நாள் லிஃப்ட்டை நிறுத்தினா குடியிருக்கறவங்க என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. அதுவரைக்கும் தாங்கிடும்னு..."

"குடியிருக்கறவங்க திட்டுவாங்கன்னு பயந்தீங்க. தண்ணி வாளியைத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏற முடியாதவங்க ஒருத்தர் தினமும் அதுல போறது தெரியலையா? எழுதினவ வேலை போகும், ஏறினவ கால் போகும், உங்க சட்டை மட்டும் கசங்கக் கூடாது! இல்ல?"

அவர் சட்டை நுனியை இழுத்து விட்டுக்கொண்டார்.

11.40. போலீஸுக்கு போன் போனது. கையெழுத்துக்காகக் காத்திருந்த உத்தரவை மேலதிகாரி நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். ஆய்வாளர் கீபோர்டை மடக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மேலதிகாரி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றார் என்றுதான் நினைக்கிறேன்.

மேலதிகாரி தொண்டையைச் செருமினார்.

"சரி மேடம், போங்க. இருந்தாலும் இனிமே அந்த ழ-வைக் கொஞ்சம் ஒழுங்கா போடப் பாருங்க."

மன்னிப்பு இல்லை. அலுவலகச் செலவில் ஒரு கீபோர்டு வாங்கித் தருகிறேன் என்ற பேச்சும் இல்லை. அன்று சாயங்காலமே ஸ்க்ரூ பொத்தானை மாற்றிக் கொடுத்துவிட்டாள். ஆய்வாளர் அதை விரித்து வைத்து மேலதிகாரிக்கு நாலாவது கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை எல்லா ழ-வும் வரும். முதல் வரிதான் வர மாட்டேன் என்கிறது. நீங்களாக இருந்தால் அந்த மனிதருக்கு முதல் வரியில் என்ன எழுதுவீர்கள்? கீழே பதில் போடுங்கள். நல்லதாகப் பார்த்து ஆய்வாளரிடம் சேர்த்துவிடுகிறேன்.