ஆறு ஸ்க்ரூ போட்ட எலும்பு

விளையாட்டில் விலைக்கு வரும் எலும்பில் பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும் இருக்க நியாயமே இல்லை. ஊர்ப்பட்ட ஆட்கள் ஆன்லைனில் கூடி ஆடும் அந்த விளையாட்டில், வாள்பிடி செய்ய வருகிற கொம்பு, எலும்பு, மரம் எல்லாவற்றையும் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தரம் போடுவதுதான் ஹெப்சிபாவின் வேலை. கீறல் விழுந்த சரக்கு ஒன்றுகூட அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வண்ணார்பேட்டை பஸ்களின் ஹாரன் ஜன்னல் வழியே காதைக் குடைந்தது. எலும்பைச் சுழற்றினாள். ஐந்தாவது ஸ்க்ரூ கோணலாக இறங்கியிருந்தது. புருஷன் ஜாபேஸின் கை எக்ஸ்ரேயில் அதே கோணலைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சண்டை போட்டவள் அவள். அவன் கையில் தேய்க்கும் தைலத்தின் வாடை, முதலில் லேசாகவும் பிறகு தொண்டை கமறும்படியும், திரையிலிருந்து கிளம்பி வந்தது.

ஹெட்போனில் அணித்தலைவி அர்ஷியா கேட்டாள். “தரம் போடுங்கக்கா. வாங்க ரெண்டு பேரு நிக்காவ.”

“இது விக்கிறதுக்கு இல்ல.”

உள்ளறையில் படுத்திருந்த ஜாபேஸ் கூப்பிட்டான். “ஹெப்சி, கை மடியுது. துணி மாதிரி மடியுது.”

எழுந்து உள்ளே ஓடப் பார்த்தாள். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. யாரைக் கேட்டு எடுத்தார்கள்? ‘கழிவு’ என்று தரம் போட்டாள். கழிவை எவன் வாங்குவான்?

திரையில் உலைக்கதவு திறந்தது. கழிவெல்லாம் உலைக்குத்தான் போகும். இத்தனை வருஷப் பழக்கத்தில் அதைப் போய் மறந்துவிட்டாளே!

“சுடுது ஹெப்சி! சுடுது!”

ரத்து செய்தாள். கதவு மூடியது. எலும்பு அங்கேயே கிடந்தது.

மீட்க ஒரே வழி, பண்டமாற்று. எலும்புக்கு எலும்பு. தரம் குறையக்கூடாது. அவளது விளையாட்டுப் பை காலி.

இடக்கையை மேசைமேல் வைத்தாள்.

“எடுத்துக்கோலே,” என்றாள், எலும்பை விலைக்கு வைத்த, யாரென்றே தெரியாத விற்பனைக்காரனிடம். “அவுகள விட்டிரு.”

முதல் தரம். தன் கையெலும்புக்குத் தானே போட்டு அழுத்தினாள்.

உள்ளே ஜாபேஸ் மூச்சு விட்டான். “சரியாப் போச்சு ஹெப்சி.”

அவள் இடக்கை மேசை விளிம்பில் ஈரத்துணியாகச் சரிந்தது. வலியே இல்லை.

அடுத்த சரக்கு வந்தது. தாடையெலும்பு.

“ஹெப்...” ஜாபேஸின் பேச்சு குழைந்தது.

பல்லைக் கடித்தாள். கடைசித் தடவையாக. வலக்கை இருந்தது. அது போதும்.

முதல் தரம்.

“அக்கா? லைன்ல இருக்கீங்களா?”

பதில் சொல்ல வாயில்லை. முகத்தின் கீழ்ப்பாதி கழுத்தில் தொங்க, ஹெப்சிபா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அடுத்த சரக்குக்காகத் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.