இரண்டு கரண்டி பவுடர்

சனிக்கிழமை காலை வாஷிங் மெஷின் நடந்தது.

உண்மையாகவே நடந்தது. தடதடவென்று ஆடிக்கொண்டே சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வந்து, குளியலறைக் கதவை மறித்து நின்றது. பிறகு பவுடர் போடும் பெட்டி வழியாக நுரையைக் கக்கியது.

"இதுக்கு ஆயுசு முடிஞ்சிடுச்சு" என்றார் அப்பா. சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த மாதிரிச் சொற்கள் அந்த வீட்டில் கால் இடறுவது போல இடறின.

கடுகு பழைய துண்டால் நுரையைத் துடைத்தாள். கடுகு என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். காரத்துக்குக் குறைவில்லை.

"டிரையரும் சரியில்ல" என்றார் அப்பா. "ரெண்டு மணி நேரம் ஓடியும் துணி ஈரமாவே இருக்கு. ரெண்டையும் சேர்த்து மாத்திடலாம்."

"எதுக்கு?"

"வாங்கிப் பத்து வருஷம் ஆச்சு."

"எனக்கும்தான் பத்து வயசு. என்னையும் மாத்திடுவீங்களா?"

"நீ இன்னும் நுரை கக்கல" என்று சொல்லிவிட்டு, அப்பா டேப்பை எடுத்து இடத்தை அளக்கத் தொடங்கினார்.

கடுகு வாஷிங் மெஷினின் திருகும் குமிழைப் பார்த்தாள். அதைச் சுற்றியிருந்த எழுத்துகள் எப்போதோ அழிந்துவிட்டன. அவை இருந்த இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் புள்ளிகள். ஒரு புள்ளி பள்ளிச் சீருடைக்கு. இரண்டு புள்ளி போர்வைக்கு. மூன்று புள்ளி அப்பாவின் சட்டைகளுக்கு. டிரையரில் ஒரே ஒரு புள்ளி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அம்மா வைத்தவை. "நான் இல்லாத நேரத்துல ரெண்டு பேரும் எதையாவது திருப்பி வைக்கக் கூடாதுல்ல" என்று சொல்லி ஊதி ஊதிக் காயவைத்தாள்.

மெஷின் போனால் புள்ளிகளும் போய்விடும்.

"ஒரு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கப்பா. முடியாதுன்னு சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ? வாயே திறக்க மாட்டே?"

"ஒரு நாளைக்கு."

அப்பா அவளையும் டேப்பையும் பார்த்தார். டேப்பைச் சுருட்டினார்.

மதியம் மெக்கானிக் அக்கா வந்தார். பெரிய பை, நெற்றியில் கட்டிய சின்ன விளக்கு. மெஷினுக்குள் தலையை விட்டார். உருளையைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார்.

"பேரிங் நல்லா இருக்கு. மோட்டார் நல்லா இருக்கு. அப்புறம் எதுக்கு ஆடுது?"

துணி இல்லாமல், பவுடர் இல்லாமல், வெறும் தண்ணீரில் மெஷினை ஓடவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக நுரை ஏறியது.

"சார், உள்ள ஒரு சோப்புக் கடையே இருக்கு. எவ்வளவு பவுடர் போடுறீங்க?"

"ஒரே ஒரு கரண்டிதான்" என்றார் அப்பா.

கடுகு பவுடர் கரண்டியைப் பார்த்தாள்.

அவளும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா போன முதல் மாதம் அப்பா துணியைப் போடுவார். புள்ளியைப் பார்த்துச் சரியாகத் திருப்புவார். பவுடரை மறந்துவிடுவார். போனபடியே திரும்பி வரும் துணி, அதே வேர்வை வாசனையோடு. அதனால் தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் கடுகு சத்தமில்லாமல் உருளைக்குள் ஒரு கரண்டி போட்டு வைப்பாள். அப்பாவுக்கு எப்போது ஞாபகம் திரும்பியது என்று அவளுக்குத் தெரியாது.

சொன்னால் அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும். சொல்லாவிட்டால் மெஷின் போய்விடும்.

"அக்கா, ரெண்டு கரண்டி" என்றாள். "அப்பா ஒண்ணு, நான் ஒண்ணு."

அப்பா திரும்பினார். "எப்பலேர்ந்து?"

"அம்மா போனதுலேர்ந்து. அப்ப நீங்க பவுடர் போட மறந்துடுவீங்க."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க அப்ப சாப்பிடவே மறந்துட்டு இருந்தீங்கப்பா."

மெக்கானிக் அக்கா திடீரென்று பையில் எதையோ தேடத் தொடங்கினார். அப்பா பவுடர் கரண்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு கடுகின் தலையில் கை வைத்தார். எடுக்கவில்லை.

"நாலு தடவை வெறும் தண்ணியில ஓட்டுங்க, சரியாயிடும்" என்றார் அக்கா. "இன்னும் அஞ்சு வருஷம் உழைக்கும்."

கடுகு குதிக்கப் போனாள். அதற்குள் அக்கா டிரையரின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார். கருகிய வாடை வந்தது.

"இது வேணாம் சார். வயரெல்லாம் கருகிப் போச்சு. பத்து வருஷ உழைப்பு, யார் மேலயும் தப்பில்ல."

அப்பா கடுகைப் பார்த்தார். கடுகு டிரையரின் ஒற்றைப் புள்ளியைப் பார்த்தாள்.

"உங்க வீடா இருந்தா என்னக்கா செய்வீங்க?"

"இந்த நிமிஷமே பிளக்கைப் பிடுங்கிடுவேன் பாப்பா. என் வீட்டுலயும் ஆளுங்க தூங்குறாங்கல்ல."

கடுகு குனிந்தாள். தானே சுவிட்சை அணைத்து, தானே பிளக்கைப் பிடுங்கினாள்.

புதன்கிழமை புது டிரையர் வந்தது. எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. புள்ளிக்கு அவசியமே இல்லை. ஆனாலும் அப்பா அலமாரியைத் துழாவி அந்த நெயில் பாலிஷ் குப்பியைக் கொண்டுவந்தார். பாதி காய்ந்திருந்தது. குலுக்கிக் குலுக்கி ஒரு புள்ளி வைத்தார். அது வழிந்து பெரிதாகிவிட்டது.

"இது புள்ளி இல்லப்பா. பூசணிக்காய்."

"முதல் புள்ளி. அப்படித்தான் வரும்."

கடுகு குனிந்து அதை ஊதிக் காயவைத்தாள்.

அன்று சாயங்காலம் துணி துவைத்தார்கள். வாஷிங் மெஷின் ஆடவில்லை, நடக்கவில்லை. டிரையர் அரை மணியில் வேலையை முடித்தது. அப்பா சூடான சீருடையை எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"கடுகு, பவுடர் போட்டியா?"

"நீங்க போடுவீங்கன்னு நான் போடல."

"நீ போடுவேன்னு நானும் போடல."

அப்பா சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. கடுகு அந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

துணி மறுபடி உள்ளே போனது. அப்பா கரண்டியைப் பிடித்தார். அவர் கையைக் கடுகு பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து ஒரே ஒரு கரண்டி போட்டார்கள்.